டர்போ எஞ்சினின் கிராங்க் கேஸ் காற்றோட்டம்: எதை முதலில் செய்வது, ஏன்

"அண்ணை, இந்தக் கேட்ச் கேனைப் பூட்டித் தாருங்கள்." யாழ்ப்பாணம் கொக்குவிலில் உள்ள எங்கள் கராஜுக்கு வரும் இளைஞர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஒரு பெட்டியோடு வருகிறார்கள். எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸிலிருந்து வெளியேறும் வாயுவில் உள்ள ஒயிலைப் பிடித்துவைக்கும் சிறு டப்பாதான் கேட்ச் கேன். எஞ்சினின் மேல்மூடியான டப்பட் கவரில் ஒயில் கசிகிறது, டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் ஒயில் நிற்கிறது, புகை அடிக்கிறது என்பவற்றுக்கெல்லாம் கேட்ச் கேன்தான் மருந்து என்று யாரோ சொல்லியிருப்பார்கள். உண்மையில் இந்த வேலையில் கடைசியாகப் பூட்ட வேண்டிய பொருள் அதுதான். அதை முதலில் பூட்டினால் நோய் மறைந்துகொள்ளும். எஞ்சின் திறக்கும் நாளில்தான் வெளியே தெரியும்.

கீழே உள்ள ஒழுங்கு பெற்றோல் டர்போ கார்களுக்கானது. இங்கே அதிகம் ஓடும் 660 சிசி ஜப்பான் கார்களுக்கும், 1000 சிசி டர்போ கார்களுக்கும், பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) கூட்டப்பட்ட பெரிய எஞ்சின்களுக்கும் பொருந்தும். டீசல் வான்களின் அமைப்பு வேறு. அவற்றுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. இரண்டு வழிகள், ஒரு கதவு

எவ்வளவு புதிய எஞ்சினாக இருந்தாலும் எரியும் வாயுவில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும். அதில் எரிந்த புகை, எரியாத பெற்றோல், நீராவி எல்லாம் இருக்கும். கிராங்க் கேஸில் பறக்கும் ஒயில் துளிகளும் அதோடு சேர்ந்துகொள்ளும். இந்த வாயு ஒவ்வொரு கணமும் வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் அழுத்தம் ஏறி, எந்தச் சீல் பலவீனமோ அதன் வழியே ஒயிலைத் தள்ளும்.

டர்போ இல்லாத எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) பெரும்பாலான நேரம் வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டர்போவில் நிலைமை வேறு. பூஸ்ட் ஏறியதும் உறிஞ்சிய அதே மேனிஃபோல்ட் ஊதத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் இரண்டு வழிகள் வைத்திருக்கிறார்கள்.

முதலாவது மேனிஃபோல்ட் வழி. டப்பட் கவரிலிருந்து, கிராங்க் கேஸ் வாயுவை அளந்து விடும் பிசிவி வால்வு ஊடாக இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும். ஐட்லிங்கிலும் மெதுவாக ஓடும்போதும் வேலை செய்யும். பூஸ்ட் வந்ததும் வால்வு மூடிக்கொள்ள வேண்டும். இரண்டாவது டர்போ வழி. டப்பட் கவரிலிருந்து எயர் கிளீனருக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட குழாய்க்குப் போகும். பூஸ்டின்போது வாயு இதனூடாக வெளியேறும். ஐட்லிங்கில் இதே குழாயால் சுத்தமான காற்று உள்ளே வந்து கிராங்க் கேஸைக் கழுவிக்கொண்டு மற்ற வழியால் போகும்.

ஆக, மேனிஃபோல்ட் வழி ஒருவழிப் பாதை, டர்போ வழி இருவழிப் பாதை. இதை விளங்கிக்கொள்ளாமல் இரண்டிலும் ஒருவழி வால்வு போட்டுவிடுபவர்கள் உண்டு. அப்போது புதிய காற்று உள்ளே வராது. நீராவியும் பெற்றோல் ஆவியும் உள்ளே தங்கி ஒயில் கூழாகும்.

2. கையில் இருக்க வேண்டியவை

கம்ப்ரஷன் கேஜ். முடிந்தால், சிலிண்டரிலிருந்து எவ்வளவு காற்று கசிகிறது என்று காட்டும் லீக்-டவுன் கேஜும் காற்றுக் கம்ப்ரசரும். உள்விட்டம் 6 மில்லிமீற்றர் அளவிலான தெளிவான பிளாஸ்டிக் குழாய் 3 மீற்றர். உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தும் பழைய ஒயில் மூடி ஒன்று. கார்ப் கிளீனர், ஹோஸ் கிளிப்புகள், அளவு மானி உள்ள சைக்கிள் பம்ப், அளவுகோல், காகிதம், பென்சில்.

பழைய ஒயில் மூடியை ஸ்ரான்லி வீதிப் பக்கத்துப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடிப் பாருங்கள். பிசிவி வால்வை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். வாகன இறக்குமதி 2020 முதல் 2025 வரை நின்றிருந்ததால் இங்கே ஓடும் கார்களில் பல பத்து வயதை நெருங்கியவை அல்லது கடந்தவை. கழற்றி விற்கப்படும் வால்வும் அதே வயதுடையது. ரப்பரும் சுருளும் ஏற்கெனவே களைத்திருக்கும்.

3. எஞ்சினின் உடல்நிலையைப் பாருங்கள்

முதலில் ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். இது ஒரு நிமிட வேலை. 660 சிசி எஞ்சின்கள் பலவற்றுக்கு ஏறத்தாழ 3 லீற்றர் ஒயிலே போதும். ஆனால் 4 லீற்றர் கானை வாங்கி முழுவதையும் ஊற்றிவிடுகிறார்கள். மேல் கோட்டைத் தாண்டி நிற்கும் ஒயிலைக் கிராங்க் அடித்து நுரையாக்கும். அந்த நுரைதான் காற்றோட்டக் குழாய்க்குள் ஏறுகிறது. ஒயிலைச் சரியான மட்டத்துக்குக் குறைத்ததும் குறை நீங்கிப்போன கார்களும் உண்டு.

அடுத்தது கம்ப்ரஷன். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, பெற்றோலையும் தீப்பொறியையும் நிறுத்தி, திராட்டிலை முழுவதும் திறந்து அளவுங்கள். திராட்டில் மூடியிருந்தால் காற்று போதாமல் எல்லாச் சிலிண்டரும் குறைவாகக் காட்டும். கூடிய அளவுக்கும் குறைந்த அளவுக்கும் இடையே 15 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் நின்று யோசியுங்கள். லீக்-டவுன் செய்யும் வசதி இருந்தால், காற்றைச் செலுத்திவிட்டு ஒயில் ஊற்றும் வாயில் காதை வையுங்கள். உரத்த சீறல் கேட்டால் ரிங் தேய்ந்திருக்கிறது.

ரிங் தேய்ந்த எஞ்சினுக்குக் கேட்ச் கேன் பூட்டித் தரும்படி கேட்பவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். கேன் நிரம்பும், நீங்கள் ஊற்றுவீர்கள், மறுபடியும் நிரம்பும். அந்தப் பணத்தை ரிங் வேலைக்கு ஒதுக்கி வைப்பது நல்லது.

4. உள்ள குழாய்களைக் கழற்றாமல் வரையுங்கள்

கைபேசியில் படம் எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். படத்தில் குழாய் எதற்குப் பின்னால் மறைகிறது என்பது தெரியாது. விரலால் தடவிக்கொண்டே போய், எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, நடுவில் எங்கே தாழ்கிறது என்று காகிதத்தில் வரையுங்கள். வால்வில் அம்புக்குறி இருந்தால் அதையும் குறியுங்கள்.

உங்களுக்கு முன் வேறு யாராவது இந்தக் குழாய்களில் கை வைத்திருந்தால் இங்கேயே பிடிபடும். இரண்டு வழிகளையும் டீ வடிவ இணைப்பால் ஒன்றாக்கி வைத்திருப்பதை அடிக்கடி காண்கிறேன். அப்படி இணைத்தால் பூஸ்ட் காற்று டர்போ வாய்க்கும் கிராங்க் கேஸுக்கும் நேராகப் பாயும்.

5. அழுத்தத்தை அளவுங்கள்

புதியவர்கள் தாண்டிப் போகும் படி இதுதான். என் அனுபவத்தில் வேலை முழுவதும் இதில்தான் தங்கியிருக்கிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

ஒரு பலகைத் துண்டில் தெளிவான குழாயை 'ப' எழுத்தைப்போல வளைத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு கையும் 70 சென்ரிமீற்றர் உயரம். இரு கைகளிலும் 30 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் இரண்டு துளி கலந்தால் மட்டம் தூரத்திலிருந்தே தெரியும். பழைய ஒயில் மூடியில் துளையிட்டு ஒரு சிறு குழாய் முனையைக் காற்றுப் புகாமல் பொருத்துங்கள். 'ப'வின் ஒரு முனையை அதில் இணையுங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். ஒயில் குச்சிக் குழாயில் இணைக்கலாமே என்று கேட்பார்கள். சில எஞ்சின்களில் அந்தக் குழாயின் அடி ஒயிலுக்குள் மூழ்கியிருக்கும். அங்கே அளந்தால் பொய் சொல்லும். குழாயை பெல்ட், காற்றாடி ஆகியவற்றுக்கு அப்பால் கொண்டுபோய்க் கட்டிய பிறகே எஞ்சினை இயக்குங்கள்.

தண்ணீர் மட்டம் முதலில் துடிக்கும். குழாயை விரலால் இலேசாக நசுக்கிப் பிடித்தால் துடிப்பு அடங்கி மட்டம் நிதானப்படும். இப்போது இரு மட்டங்களுக்கும் இடைப்பட்ட உயரத்தை அளவுகோலால் பாருங்கள். 10 சென்ரிமீற்றர் என்பது ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல்.

ஐட்லிங்கில் எஞ்சின் பக்கத்துத் தண்ணீர் ஓரிரு சென்ரிமீற்றர் ஏறி நின்றால் நல்ல சகுனம். உறிஞ்சல் இருக்கிறது என்று பொருள். மட்டம் சமமாக நின்றால் வால்வு அல்லது மேனிஃபோல்ட் வழி பாதி அடைபட்டிருக்கலாம். தண்ணீர் திறந்த பக்கம் தள்ளப்பட்டால் அழுத்தம் ஏற்கெனவே சேர்கிறது. எஞ்சின் பக்கம் 25 சென்ரிமீற்றருக்கு மேல் ஏறினால் டர்போ வழி அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். உறிஞ்சல் அளவுக்கு மீறினாலும் சீல்கள் வழியே தூசி உள்ளே வரும். சவ்வு வைத்துக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய எஞ்சின்களில் கூடிய உறிஞ்சலே இயல்பு. அவற்றுக்குச் சேர்விஸ் கையேட்டின் அளவைப் பின்பற்றுங்கள்.

பூஸ்டில் அளக்க வேண்டுமானால் கார் ஓட வேண்டும். அப்போது தண்ணீர்க் குழாய் குலுங்கும். குறைந்த அளவு காட்டும் ஒரு சிறு கேஜை அதே மூடியில் இணைத்துக் குழாயை உள்ளே கொண்டுவந்து, பக்கத்தில் ஒருவரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுபவர் கேஜைப் பார்க்கக் கூடாது. பூஸ்டில் 10 சென்ரிமீற்றர் நீர் அழுத்தத்துக்குச் சமமான 1 கிலோபாஸ்கலைத் தாண்டினால் நான் காரைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவேன்.

எல்லா அளவுகளையும் வரைபடத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். வேலை முடிந்த பிறகு ஒப்பிட இதைத் தவிர வேறு ஆதாரம் இருக்காது.

6. பிசிவி வால்வைச் சோதியுங்கள்

வடமராட்சியிலிருந்து ஓர் ஆசிரியர் தன் 660 சிசி டர்போ காரைக் கொண்டுவந்தார். நீலப் புகை. டர்போ போய்விட்டது என்று வேறோர் இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய டர்போ ஒன்றை எடுப்பித்து மாற்றியும் புகை நிற்கவில்லை. பிசிவி வால்வைக் கழற்றிக் கையில் குலுக்கினேன், சத்தமே இல்லை. உள்ளே இருக்கும் சிறு முளை, பனங்கட்டிப் பாகு காய்ந்ததுபோன்ற பழுப்புப் பசையில் பாதி திறந்தபடி ஒட்டிக்கிடந்தது. பூஸ்ட் ஏறும்போதெல்லாம் மேனிஃபோல்டின் காற்று கிராங்க் கேஸுக்குள் ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. புதிய வால்வு போட்டோம். எக்ஸோஸ்டில் தங்கியிருந்த ஒயில் எரிந்து தீர இரண்டு நாள் எடுத்தது. பிறகு புகை இல்லை. அந்தச் சம்பளக்காரர் வீணாகச் செலவழித்த பணத்தை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

குலுக்கினால் கடகடவென்று ஒலிக்க வேண்டும். இது முதல் சோதனை மட்டுமே. டப்பட் கவர் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும். மேனிஃபோல்ட் பக்கத்திலிருந்து ஊதினால் நிற்க வேண்டும். சுத்தமான குழாய்த் துண்டு ஒன்றை மாட்டியே ஊதுங்கள், உறிஞ்சவே வேண்டாம். ஆனால் வாயால் ஊதும் அழுத்தம் பூஸ்டுக்கு உறை போடவும் காணாது. அளவு மானி உள்ள சைக்கிள் பம்பை மேனிஃபோல்ட் பக்கத்தில் இணைத்து 0.7 பார் வரை ஏற்றி, மறுமுனையைச் சவர்க்காரத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். ஒன்றிரண்டு குமிழ் வந்தால் பரவாயில்லை. கொதிப்பதுபோல வந்தால் வால்வை மாற்றுங்கள்.

பூஸ்ட் கூட்டியவர்கள் பிசிவி வால்வோடு தனி ஒருவழி வால்வு ஒன்றையும் சேர்க்கலாம். சேர்ப்பது என்றுதான் சொல்கிறேன், பிசிவி வால்வை எடுத்துவிட்டு அதைப் போடுவதல்ல. ஐட்லிங்கில் எவ்வளவு வாயு போகலாம் என்று அளந்து விடுவதும் பிசிவி வால்வின் வேலை. வெறும் ஒருவழி வால்வு அளக்காது. எஞ்சின் ஐட்லிங் கெடும், ஒயிலும் இழுபடும். பிரேக் சேர்வோவின் ஒருவழி வால்வைக் கழற்றி இதற்குப் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதன் ரப்பர் ஒயில் ஆவிக்காகச் செய்யப்பட்டதல்ல. ஊதிப் பருத்துச் சிக்கிக்கொள்ளும்.

7. டர்போவின் ஒயில் திரும்பும் குழாய்

டர்போவுக்குள் ஒயில் அழுத்தத்தோடு போகிறது. வெளியே வரும்போது தன் பாரத்தால் மட்டுமே எஞ்சினின் அடியில் ஒயில் தங்கும் சம்புக்கு வழிகிறது. கிராங்க் கேஸில் அழுத்தம் இருந்தால் அந்த ஒயில் இறங்க முடியாமல் டர்போவுக்குள்ளேயே தேங்கி, தண்டின் சீல்களைத் தாண்டிவிடும். அந்தச் சீல்கள் பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய வளையங்கள். தேங்கிய ஒயிலைத் தடுக்க அவற்றால் முடியாது.

குழாய் எங்கும் மடிந்திருக்கக் கூடாது. சரிவு எங்கும் தடைபடக் கூடாது. அடிப் பட்டையில் பெக்கிங்குக்குப் பதிலாக சிலிக்கன் பசை பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள். பிதுங்கிய பசை துளையின் பாதியை அடைத்திருந்த டர்போக்களை நான் கழற்றியிருக்கிறேன்.

8. குழாய்களைத் தெரிவு செய்தல்

ஒயிலும் பெற்றோல் ஆவியும் தாங்கும் நைட்ரைல் ரப்பர் குழாய் எடுங்கள். ரேடியேட்டர் தண்ணீர்க் குழாய் பார்க்கத் தடிப்பாக இருந்தாலும் ஒயிலில் ஊதிப் பஞ்சாகிவிடும். சாதாரண சிலிக்கன் குழாயில் ஒயில் வியர்த்து வெளியே வரும். உள்ளே புளோரோ பூச்சு உள்ளதென்றால் சரி. தெளிவான பிளாஸ்டிக் குழாய் அளப்பதற்கு மட்டுமே. எஞ்சின் சூட்டில் மென்மையாகி உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும்.

உள்விட்டம் பழைய குழாயைவிடக் குறையவே கூடாது. பூஸ்ட் கூட்டிய எஞ்சினில் டர்போ வழியை 16 மில்லிமீற்றர் வரை பெரிதாக்குவது வழக்கம். குழாய் நடுவில் தொங்கி வயிறு போடக் கூடாது. அந்தத் தாழ்வில் தண்ணீரும் ஒயிலும் தேங்கி வழியை அடைக்கும்.

9. இப்போது கேட்ச் கேன்

முதலில் வாங்கிய கேனைத் திறந்து பாருங்கள். மலிவானவற்றில் பல வெறும் டப்பா. ஒரு துவாரத்தால் வரும் வாயு ஒயிலோடு அப்படியே மறு துவாரத்தால் போய்விடும். உள்ளே தடுப்புத் தட்டும், நன்றாகப் பொருத்திய உலோக வலையும் இருக்க வேண்டும். வாயு தட்டில் மோதித் திசை மாறும்போதுதான் பாரமான ஒயில் துளி பிரிந்து விழும். வெறும் டப்பாவுக்குள் பாத்திரம் துலக்கும் இரும்புக் கம்பளியைத் திணிக்காதீர்கள். அது துருப்பிடித்துத் துகள் துகளாக உதிரும். துகள் போய்ச் சேரும் இடம் டர்போவின் காற்றாடி.

எந்த வழியில் பூட்டுவது? ஒயில் எங்கே சேர்கிறதோ அந்த வழியில். இன்டர்கூலரின் கீழ்க் குழாயைக் கழற்றுங்கள். மெல்லிய ஒயில் படலம் இயல்பானது. கவிழ்த்தால் ஊற்றுகிறது என்றால் டர்போ வழியில் பூட்டுங்கள். குழாய் சுத்தமாக இருந்து திராட்டிலுக்கு அப்பால் மேனிஃபோல்டுக்குள் ஒயில் நனைந்திருந்தால் மேனிஃபோல்ட் வழி. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெற்றோல் பீய்ச்சும் எஞ்சின்களில் இன்டேக் வால்வுகளைப் பெற்றோல் கழுவுவதில்லை. அவற்றில் கரி படிவதால் மேனிஃபோல்ட் வழிக் கேனுக்கு அங்கே பெறுமதி அதிகம். இரண்டு வழிக்கும் வேண்டுமென்றால் இரண்டு கேன். ஒரே கேனில் இரு வழிகளையும் கலந்தால் 4ஆம் படியில் சொன்ன டீ இணைப்பின் கதைதான்.

மேனிஃபோல்ட் வழியில் ஒழுங்கு இப்படி இருக்க வேண்டும்: டப்பட் கவர், பிசிவி வால்வு, கேன், ஒருவழி வால்வு, மேனிஃபோல்ட். கடைசி வால்வு இல்லாவிட்டால் பூஸ்ட் காற்று கேனுக்குள் வந்து நிற்கும். அதன் மூடியும் கிளிப்பும் அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

கேனை டர்போவுக்கு எதிர்ப்பக்கம், முன்னால் காற்றுப் படும் இடத்தில், உடற்சட்டத்தில் பூட்டுங்கள். குளிர்ந்தால்தான் ஆவி திரவமாகும். வெளியேறும் குழாயைத் தனியே விட்டு அதன் முனையில் ஒரு சிறு வடிகட்டியைச் செருகிவிடுவதை நான் ஏற்பதில்லை. காருக்குள் ஒயில் மணக்கும். காற்றை அளக்கும் சென்சர் உள்ள எஞ்சினில் அளக்கப்படாத காற்று புகுந்து கலவை கெடும். சோளகம் வீசும் மாதங்களில் வலிகாமத்துச் செம்மண் தூசி அந்தச் சின்ன வடிகட்டியை எப்படி ஆக்குகிறது என்று பார்த்தால் நீங்களே கழற்றிவிடுவீர்கள்.

10. கசிவுச் சோதனையும் ஓட்டமும்

டர்போ வாயை அடைத்து 0.7 பார் காற்று ஏற்றிக் கசிவு தேடுவது நல்ல பழக்கம். அதற்கு முன் டர்போ வழிக் குழாயைக் கழற்றி, இன்டேக் குழாயில் உள்ள அதன் வாயை அடைத்துவிடுங்கள். ஒயில் மூடியையும் திறந்து வையுங்கள். இதை மறந்தவர்கள் அந்த அழுத்தம் முழுவதையும் கிராங்க் கேஸுக்குள் ஏற்றி, பின் ஒயில் சீலைத் தாங்களே தள்ளிவிடுகிறார்கள். கியர்பொக்ஸ் இறக்கும் வேலை அது. ஒயில் ஊற்றும் வாயில் மெல்லிய சீறல் கேட்டால் பயம் வேண்டாம், ரிங்குகளைத் தாண்டும் காற்று அது. பலத்த காற்று வந்தால் ஒருவழி வால்வு பிடிக்கவில்லை.

பிறகு 5ஆம் படியின் அளவுகளை மீண்டும் எடுங்கள். கேன் பூட்டிய பிறகு அழுத்தம் கூடியிருந்தால் கேனோ குழாயோ வழியை நெருக்குகிறது. அழகாக இருக்கிறது என்பதற்காக விட்டுவைக்காதீர்கள். ஸ்கேனரில் நீண்டகாலப் பெற்றோல் திருத்தம் (எஞ்சின் கணினி பெற்றோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் அளவு) இரு பக்கமும் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஏ9 வீதியில் பளையைத் தாண்டி ஆனையிறவு வரை வேக எல்லைக்குள் ஓடித் திரும்புங்கள். வந்ததும் கிளிப்புகளைச் சூட்டோடு ஒருமுறை பாருங்கள்.

11. கேனை வடித்தல்

முதல் தடவை 500 கிலோமீற்றரில், பிறகு 1000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை. மாரி காலத்தில், திருநெல்வேலிச் சந்தைக்கும் பாடசாலைக்கும் மட்டும் ஓடும் கார்களுக்கு இன்னும் விரைவாக. குறுந்தூரத்தில் எஞ்சின் முழுதாகச் சூடேறாது, நீராவி அதிகம் சேரும்.

கேனில் பால்விட்ட கோப்பி நிறத்தில் ஏதாவது வந்தால் ஹெட் பெக்கிங் போய்விட்டது என்று ஓடி வருகிறார்கள். மாரியில் அது பெரும்பாலும் நீராவியும் ஒயிலும் கலந்ததுதான். ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா, ஒயில் குச்சியிலும் அதே நிறமா என்று பார்த்துவிட்டே முடிவுக்கு வாருங்கள்.

வடித்ததைத் திரும்ப எஞ்சினுக்குள் ஊற்றாதீர்கள். அதில் தண்ணீரும் பெற்றோலும் அமிலமும் இருக்கின்றன. நிலத்திலும் ஊற்றாதீர்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலம் எதையும் வடிகட்டி வைப்பதில்லை, நேரே கிணற்றுக்கு அனுப்பிவிடும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைக் கண்ட ஊர் இது. மூடியுள்ள கானில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள்.

ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லிலீற்றர் வந்தது என்று அதே காகிதத்தில் குறியுங்கள். கேனில் சேரும் அளவு காருக்குக் கார் மாறும். ஆனால் ஒரே கார், ஒரே ஓட்டம், ஒரே பருவம் என்றிருக்கும்போது அளவு திடீரென்று இரட்டித்தால், கேனைக் கழுவிக்கொண்டிருக்காமல் கம்ப்ரஷன் கேஜை எடுத்துக்கொண்டு 3ஆம் படிக்குத் திரும்புங்கள்.